இசை எழுதும் பிள்ளைக்கு எந்த மென்பொருள்? தஞ்சாவூரிலிருந்து ஒரு மதிப்பீடு

பிள்ளைகள் இசை எழுதுவதற்கு எந்த மென்பொருளை வாங்கித் தரலாம் என்று கேட்டு வரும் பெற்றோர், இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய பிறகு, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கூடித்தான் போயிருக்கிறார்கள். அவர் தாளில் கையால் எழுதுகிறவர் ஆயிற்றே என்று சொன்னால், "அவருக்கு அது சரி சார், எங்க புள்ளைக்குச் சொல்லுங்க" என்கிறார்கள். நியாயமான பதில்தான். வயலின் கற்பிப்பவன், தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு அவ்வப்போது நான்கு குரல் எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், இன்று கிடைக்கும் முக்கியமான நொட்டேஷன் மென்பொருள்களை, அதாவது இசையைக் குறிகளாகத் தாளில் எழுத உதவுகிறவற்றை, பயன்படுத்திப் பார்த்து எனக்கென்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மதிப்பீடு நமது பிள்ளைகள் உண்மையில் எழுத விரும்பும் இசையை வைத்துச் செய்யப்பட்டது. வெளிநாட்டு மதிப்பீடுகள் எல்லாம் ஒரு பியானோ துண்டையோ ஒரு ஆர்க்கெஸ்ட்ராவையோ வைத்து எடை போடுகின்றன; நாகசுரமும் தவிலும் தமிழ்ப் பாடல் வரியும் ஒரே தாளில் வரும்போது அந்த எடைக்கற்கள் உதவுவதில்லை.

ஆகவே எல்லா மென்பொருளுக்கும் ஒரே சோதனையை வைத்தேன். என்னிடம் கற்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பாடல் அது: மாயாமாளவகௌளை ராகம், ஏழு மாத்திரை கொண்ட மிச்ர சாபு தாளம், ஒரு நாகசுரம், இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு தவில், நான்கு குரலில் பாடும் குழு. சாகித்தியம் (பாடல் வரிகள்) தமிழில், ஒரு பல்லவியும் இரண்டு சரணங்களும். இதை எழுதி, அச்சிட்டு, வாசிப்பவர்கள் கையில் கொடுக்கும் வரை எந்த மென்பொருள் குறுக்கே நிற்காமல் இருக்கிறது என்பதே கேள்வி.

என் விடை மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ. அது இலவசம் என்பது உண்மைதான். ஆனால் இலவசம் என்பதற்காக அதைப் பரிந்துரைக்கவில்லை. பதினாறு வயதில் எழுதியதை முப்பது வயதிலும் திறந்து பார்க்க முடிய வேண்டும், அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படக் கூடாது என்பதே என் முதல் அளவுகோல். மூல நிரலே பொதுவில் திறந்திருக்கும் மென்பொருள் அந்த அளவுகோலுக்கு மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002இல் வேறொரு இசை மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கத் தொடங்கிய இது, பல ஆண்டுகள் 'பரவாயில்லை, இலவசம்தானே' என்ற நிலையில்தான் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு அதை அடியோடு மாற்றியது. குறிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தாமாகவே இடம் ஒதுக்கிக்கொள்கின்றன, அச்சில் பக்கம் பார்க்கும்படி இருக்கிறது, மியூஸ் சவுண்ட்ஸ் என்ற தனி ஒலித்தொகுப்பும் விலையின்றிக் கிடைக்கிறது.

பதிவிறக்குவதில் ஓர் எச்சரிக்கை தேவை. எழுதும் மென்பொருள் கிடைப்பது மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் என்ற தளத்தில். மியூஸ்ஸ்கோர் டாட் காம் என்பது மற்றவர்கள் ஏற்றிய இசைத்தாள்களைச் சந்தா கட்டிப் பார்க்கும் வேறொரு சேவை. தேடுபொறியில் முதலில் எது வருகிறதோ அதை அழுத்தும் பிள்ளைகள் அங்கே போய், இலவசச் சோதனைக் காலம் என்று அப்பாவின் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எழுதும் மென்பொருளுக்கு எந்த அட்டையும் தேவையில்லை; அட்டை எண்ணைக் கேட்கும் பக்கம் வந்தால் வழி தவறிவிட்டது என்று பொருள். கைப்பேசியில் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் செயலியும் தாளைப் பார்க்கவும் கேட்கவும்தான், எழுதுவதற்கன்று.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. நான்கு ஜிபி நினைவகம் உள்ள கணினியில் நான்காம் பதிப்பு ஓடுகிறது, ஆனால் மியூஸ் சவுண்ட்ஸை ஏற்றினால் திணறுகிறது. அந்த ஒலிகளை விட்டுவிட்டு, உடன் வரும் சிறிய அடிப்படை ஒலித்தொகுப்போடு வைத்துக்கொண்டால் போதும். அதுவும் முடியாத கணினிக்கு 3.6 பதிப்பு இன்னும் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: நான்கில் சேமித்த கோப்பு மூன்றில் சரியாகத் திறக்காது. ஆசிரியரிடம் ஒரு பதிப்பும் மாணவரிடம் இன்னொன்றும் இருந்தால் வாராவாரம் இதே வழக்குத்தான்.

தமிழ் வரிகளை இசைக்குக் கீழே அமைப்பதில் மியூஸ்ஸ்கோர் எனக்கு முழு நிறைவைத் தந்தது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் மற்றவற்றைவிடக் குறைவாகவே தொந்தரவு செய்தது. முதல் சுரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல்-எல் அழுத்தினால் அதன்கீழ் எழுதலாம். இடைவெளி விசை அடுத்த சொல்லுக்கும், இணைப்புக்கோடு அதே சொல்லின் அடுத்த அசைக்கும் நகர்த்தும். ஓர் எழுத்தைப் பல சுரங்களுக்கு இழுத்துப் பாட வேண்டுமானால் அடிக்கோட்டு விசை. இரண்டாம் சரணத்துக்கு என்டர். 'தஞ்சாவூர்' என்பதை 'தஞ்', 'சா', 'வூர்' என்று மூன்றாக உடைக்கும்போது ஒவ்வொன்றும் ஒழுங்காகத் தன் சுரத்தின்கீழ் வந்து அமர்கிறது. சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில்தான், ஏனெனில் அங்கே இடைவெளி விசைக்குச் சொல்லை முடித்துக் கொடுக்கும் வேலையும் இருக்கிறது, இரண்டு வேலையும் மோதிக்கொள்கின்றன. தமிழ் 99 விசைப்பலகை தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. தெரியாத பிள்ளை இதற்காகவே கற்றுக்கொள்ளலாம். எழுத்துருவை நாமே குறிப்பிட்டு அமைத்துவிட வேண்டும், இல்லையெனில் வேறொரு கணினியில் அதற்குத் தோன்றிய எழுத்துரு வந்து வரியெல்லாம் நகர்ந்துபோகும். அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. இன்னொன்று: தேவாலயப் பாட்டுத் தாள்கள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டிடிபி கடைகளில் தட்டப்பட்டவை. அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இது எந்த நொட்டேஷன் மென்பொருளின் குற்றமும் அன்று.

ராகத்துக்கு வருவோம். ச என்பதை மேற்கத்திய சுரமான சி என்று வைத்தால் மாயாமாளவகௌளைக்கு டி பிளாட், ஏ பிளாட் என்ற இரண்டு பிளாட்டுகள் (சுரத்தை அரைச் சுரம் தாழ்த்தும் குறிகள்) வேண்டும். மேற்கத்திய முறையில் இரண்டு பிளாட் என்றால் அது பி பிளாட்டும் இ பிளாட்டும்தான்; ஆகவே வழக்கமான கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் இடும் பிளாட், ஷார்ப் குறிகள்) பட்டியலில் நமது ராகம் இல்லை. மியூஸ்ஸ்கோரில் மாஸ்டர் பேலட்டைத் திறந்து, வெற்று ஐந்து கோட்டின்மேல் வேண்டிய குறிகளை இழுத்து வைத்து, நமக்கென ஒரு கீ சிக்னேச்சரை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளலாம். மேளகர்த்தா என்ற தாய் ராகங்களில் வழக்கமாக எழுதுகிறவற்றை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் பிறகு அது இழுத்துப் போடும் வேலை மட்டுமே. டோரிக்கோ என்ற இன்னொரு நொட்டேஷன் மென்பொருளில் இத்தகைய தனிப்பயன் அமைப்புகள் விலை கொடுத்து வாங்கும் ப்ரோ பதிப்பில்தான் உண்டு.

கட்டைக் கணக்குத்தான், அதாவது ச எந்தச் சுருதியில் நிற்கிறது என்ற கணக்குத்தான், இளம் இசையமைப்பாளர்கள் தடுமாறும் இடம். நாகசுரம் இரண்டரைக் கட்டையில் இருந்தால் அதன் ச, மேற்கத்தியக் கணக்கில் இ பிளாட். நாகசுரக்காரருக்குத் தாள் கொடுப்பதானால் ச எப்போதும் சி என்ற இடத்தில் இருப்பதுதான் அவருக்கும் நமக்கும் வசதி. வயலின்காரர் மேற்கத்திய முறையில் படிப்பவராக இருந்தால் அவருக்கு ஒலிக்கும் சுருதியிலேயே எழுத வேண்டும். கிளாரினெட்டுக்கும் எக்காளத்துக்கும் மென்பொருள்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்கின்றன. நாகசுரத்துக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். மியூஸ்ஸ்கோரில் ஏதேனும் ஒரு கருவியைச் சேர்த்து, அதன் பெயரை நாகசுரம் என்று மாற்றி, ஸ்டாஃப் (ஐந்து கோட்டு வரி) பண்புகளுக்குள் சென்று மைனர் தேர்டு (மூன்று அரைச் சுரம்) மேலே என்று மாற்ற அளவைக் குறித்துவிட்டால், ஒரு பொத்தானில் எழுதும் சுருதிக்கும் ஒலிக்கும் சுருதிக்கும் மாறி மாறிப் பார்க்கலாம். ஆனால் இரண்டரைக் கட்டை மாயாமாளவகௌளையில் ரிஷபம் எஃப் பிளாட், தைவதம் சி பிளாட் என்று வந்து நிற்கும். கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தால் கணினி அதை இ என்றும் பி என்றும் எழுதிவிடும். காந்தாரம் ஜி என்று தனியே இருக்க, இ பிளாட்டும் இ-யும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வந்து படிப்பவருக்கு ராகமே புரியாது. அந்தச் சுரத்தைத் தேர்ந்து ஜே விசையை அழுத்தினால் பெயர் மாறும். அதைவிட, இந்தப் பாடலை இரண்டு கட்டைக்கு இறக்கி, ச-வை டி என்று வைத்துக்கொள்வது வயலின் தந்திகளுக்கும் நல்லது. அப்போது இ பிளாட், பி பிளாட், எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்று இருவகைக் குறியும் கலந்து வரும். அந்தக் கலவையைக் கீ சிக்னேச்சராக எழுதுவதைவிட அந்தந்தச் சுரத்தின் முன்னாலேயே குறியிடுவதை நான் விரும்புகிறேன், ஏனெனில் வரியின் தொடக்கத்தில் இப்படி ஒரு கலவையைப் பார்த்துப் பழகிய மேற்கத்திய வயலின்காரர் அரிது.

தாளத்தில் மட்டும் என் பரிந்துரை தோற்றுப்போகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மிச்ர சாபுவை 7/8 என்று எழுதி, மூன்றும் நான்குமாகக் கற்றைகளைப் பிரித்துக் காட்டுவது வரை மியூஸ்ஸ்கோரில் இடையூறு இல்லை. தொல்லை தொடங்குவது தீர்மானத்தில், அதாவது ஒரே தாளக் கட்டை மும்முறை வாசித்து முடிக்கும் இடத்தில். தவிலுக்கு மூன்று முறை வரும் ஒரு சொற்கட்டை (வாயால் சொல்லும் தாள ஒலிகளின் தொடரை) எழுதியாகிவிட்டது. இரண்டு முறைகளுக்கு நடுவே உள்ள கார்வையை (இடைவெளியை) ஒரு மாத்திரையிலிருந்து இரண்டாக்கிப் பார்க்கலாம் என்று மாணவிக்குத் தோன்றுகிறது. கார்வை நீண்டால் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போக வேண்டும், ஒவ்வொரு தாளச் சுற்றையும் பிரிக்கும் பார் கோட்டைத் தாண்டும் சுரங்கள் டை என்ற இணைப்பு வளைகோடு போட்டு இரண்டாக உடைய வேண்டும், பாடல் மீண்டும் தொடங்கும் எடுப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். டோரிக்கோவில் ஐ விசையை அழுத்தி இடைச்செருகல் முறைக்குப் போய்க் கார்வையை நீட்டினால் இவ்வளவும் கண்ணெதிரே தானாக நடக்கிறது. சுரத்தின் நீளம் வேறு, அதைத் தாளில் காட்டும் விதம் வேறு என்று அந்த மென்பொருள் அடித்தளத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. பார் கோடு அங்கே பின்னால் வந்து போடப்படுவது. மியூஸ்ஸ்கோரிலும் இடைச்செருகல் உண்டு, ஆனால் அது செருகிய பாரையே நீட்டிவிட்டு, அதன் மூலையில் ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. ஏழுக்கு மேல் போன அந்த பாரால் தாளமே வழுக்கிவிடுகிறது. மாற்று வழி, அந்த இடத்திலிருந்து மிச்சத்தை எல்லாம் வெட்டி ஒரு மாத்திரை தள்ளி ஒட்டுவது. ஒட்டும்போது டைகளை அது சரியாகவே போட்டுக்கொள்கிறது. செய்யலாம்; ஆனால் கோர்வை (இத்தகைய தாள முடிப்பு) கட்டிப் பார்ப்பதையே விளையாட்டாக வைத்திருக்கும் பிள்ளைக்கு இது சலிப்பூட்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு டோரிக்கோவைத்தான் சொல்வேன்.

டோரிக்கோவின் பிறப்பே ஒரு கதை. சிபேலியஸ் என்ற மென்பொருளை லண்டனில் உருவாக்கி வந்த குழுவை அதன் உரிமையாளரான அவிட் நிறுவனம் 2012இல் கலைத்தது. அந்தக் குழுவினரை டேனியல் ஸ்ப்ரெட்பரியின் தலைமையில் ஸ்டைன்பெர்க் சேர்த்துக்கொண்டது. அவர்கள் பழைய நிரலின் சுமை ஏதுமின்றி முதலிலிருந்து எழுதி 2016இல் வெளியிட்டது டோரிக்கோ. அதன் எஸ்இ பதிப்பு இலவசம், எட்டு வாத்தியக்காரர் வரை எழுதலாம். எங்கள் சோதனைப் பாடல் குழுக்குரல்களையும் சேர்த்தால் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது என்றாலும், கச்சேரி அமைப்புக்கு எட்டு தாராளம். விலையுள்ள ப்ரோ பதிப்பில் ஒரு ஸ்தாயியை நமக்கு வேண்டியபடி சம பாகங்களாகப் பிரித்து எழுதவும் கேட்கவும் முடியும். இருபத்து நான்காகப் பிரிக்கும் ஏற்பாடு அதில் முன்கூட்டியே இருக்கிறது. இதே தஞ்சாவூரில் இருந்துகொண்டு, ஸ்தாயிக்குச் சுருதி இருபத்திரண்டு அல்ல, இருபத்து நான்கே என்று 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் வாதிட்டவர் ஆபிரகாம் பண்டிதர். அவர் கணக்கை இன்று காதால் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல கருவி. பள்ளிப் பிள்ளைக்கு இதற்காகப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

சிபேலியஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1993இல் வெளியிட்டது. இன்றும் திரையிசைக் கூடங்களில் புழங்குகிறது. சென்னையில் ஒருவரிடம் உதவியாளராகச் சேரும் நாள் வந்தால் அங்கே அதுதான் இருக்கக்கூடும். அதன் இலவசப் பதிப்பில் நான்கு ஸ்டாஃப்தான் எழுத முடியும், எங்கள் பாடல் அதில் நுழையவே இல்லை.

ஃபினாலே கதையைத்தான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 1988இல் வந்து, உலகத்தின் பல பல்கலைக்கழகங்களிலும் பதிப்பகங்களிலும் முதன்மையான மென்பொருளாக இருந்த அது, 2024 ஆகஸ்ட் 26 அன்று இனி வளர்க்கப்படாது என்று அதன் நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் புதிய கணினியில் அனுமதி பெற முடியாது என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் தளர்த்தினார்கள். ஃபினாலேயின் கோப்பை அப்போது மற்ற மென்பொருள்கள் நேரடியாகத் திறக்கவில்லை என்பதால், வாழ்நாள் முழுவதும் எழுதியதை ஒவ்வொன்றாக மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றும் வேலையில் பலர் இறங்க வேண்டியதாயிற்று. இந்தப் பொது வடிவம் 2004இல் வந்தது. ஏறக்குறைய எல்லா நொட்டேஷன் மென்பொருளும் அதை எழுதும், படிக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலைந்தாலும் சுரமும் வரியும் பிழைத்துவிடும். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், ஒரு பாடல் முடிந்த அன்றே அதன் பிடிஎஃப் ஒன்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் ஒன்றையும் பென்டிரைவில் போட்டு வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், எந்த மென்பொருளாலும் எழுத முடியாத ஒன்று உண்டு. மாயாமாளவகௌளையின் ரிஷபம் அசையும் விதத்தை ஐந்து கோட்டில் எப்படிக் காட்டுவது? இது புதிய கேள்வியன்று. மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுர சாகித்தியங்களை 1893இல் ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்ட ஏ. எம். சின்னசாமி முதலியார் நமது சங்கீதத்தை உலகம் படிக்கும்படி செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். அவர் தூண்டுதலுக்கும் பங்குண்டாகி, 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் சுரத்தின் அசைவான கமகத்துக்கென்றே தனிக் குறிகளைப் பயன்படுத்தினார். அதற்கெல்லாம் முன்பே, 1798 முதல் 1832 வரை தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு இருந்தது. அவர் சேர்த்த மேலைநாட்டு இசைத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இந்த ஊருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் அந்நியச் சரக்கு அல்ல. ஆனால் தாளில் உள்ளதை அப்படியே வாசித்தால் ராகம் வராது என்பதும் இந்த ஊருக்குத் தெரிந்ததுதான். என் மாணவி நாகசுர வரியில் அசைவு ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன அலங்காரச் சுரங்களாகப் பிரித்து எழுதி வந்திருந்தாள், பக்கம் எறும்பு மொய்த்தது போல் இருந்தது. அதை எடுத்துவிட்டு நீண்ட சுரங்களை மட்டும் வைத்து, மேலே 'கமகத்துடன்' என்று தமிழில் ஒரு சொல் எழுதச் சொன்னேன். நாகசுரக்காரருக்கு அது போதும். மேற்கத்திய வயலின்காரருக்குப் போதாது, அவருக்கு நேரில் வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

கணினி வாசித்துக் காட்டுவதை நம்புவது இளம் பிள்ளைகளுக்கு நேரும் பெரிய ஆபத்து. கணினிக்கு மூச்சு வாங்காது. புல்லாங்குழலின் தாழ்ந்த சுரம் செல்லோவின் சத்தத்துக்கு மேல் கணீரென்று கேட்கும். மேடையில் அது காணாமல் போய்விடும். பாடகர் குழுவில் சோப்ரானோ பத்து நிமிடம் உச்சஸ்தாயியிலேயே நின்றாலும் ஸ்பீக்கர் முகம் சுளிக்காது. இதில் மியூஸ்ஸ்கோர் செய்யும் ஓர் உதவி எனக்குப் பிடித்திருக்கிறது: பழகுநருக்கு எட்டாத சுரத்தை மங்கிய மஞ்சளாகவும், தேர்ந்தவருக்கும் எட்டாததைச் சிவப்பாகவும் காட்டும். "ஏன் சார் இது கலர் மாறுது?" என்று மாணவி கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து குரல் எல்லைகளைப் பற்றிய பாடம் ஒன்று தானாகத் தொடங்கியது. நாகசுர ஒலியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: கணினி ஒலிகளுக்கான பழைய பொது வரிசையான ஜெனரல் மிடியில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் உண்டு, நாகசுரத்துக்கும் வீணைக்கும் இல்லை. ஷெனாயை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு நாகசுரத்துக்கு எழுதக் கூடாது. ஓபோ என்ற மேற்கத்தியக் குழலின் ஒலியில் கேட்டுவிட்டு, பிறகு நாகசுரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டைப் பக்கம் போய் நிஜ நாகசுரத்தின் அருகே கால்மணி நேரம் நின்றால் தெரியும், இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் அதற்கு முன் என்ன ஆகும் என்று. அந்தப் பாடலில் நாகசுரம் வாசிக்கும் இடங்களில் தந்திகளை நிறுத்திவிட வேண்டியிருந்தது.

தவிலுக்கு ஸ்டாஃபின் கோடுகளை ஒன்றாகக் குறைத்து, கோட்டுக்கு மேலே வலந்தலை, கீழே தொப்பி என்று தவிலின் இரு பக்கங்களையும் வைத்துக்கொண்டோம். சுரத்தின் கீழ் பாடல் வரி எழுதும் அதே முறையில் சொற்கட்டை எழுதினோம். தவில்காரர் கோட்டையும் புள்ளியையும் பார்க்கவில்லை, சொற்கட்டை மட்டும் பார்த்தார்; அது போதுமானதாக இருந்தது.

ச ரி க ம எழுத்துகளில் சுரக்குறிப்பு மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. திருவையாறு இசைக் கல்லூரியில் சேரப் போகிற பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். லிப்ரே ஆபீசில் ஒரு அட்டவணை போட்டு, தாள அங்கங்களுக்குத் தடித்த கோடு இழுத்தால் முடிந்தது. அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி வைக்கும் வழக்கத்தைக் கணினியில் பின்பற்றினால் ச என்பது ச் ஆகிவிடுகிறது. கீழ்ப்புள்ளியோ எழுத்துருவுக்கு எழுத்துரு இடம் மாறுகிறது. மேல் ஸ்தாயிக்கு வேறு நிறமோ மேற்கோடோ வைத்துக்கொள்வது உத்தமம். இரண்டும் வேண்டுவோர் மியூஸ்ஸ்கோரிலேயே முதல் வரியில் சுர எழுத்துகளையும் இரண்டாம் வரியில் சாகித்தியத்தையும் எழுதிக்கொள்ளலாம். கர்நாடக முறையில் கற்றவரும் மேற்கத்திய முறையில் கற்றவரும் ஒரே தாளைப் பகிர்ந்து பாடும் குழுக்களுக்கு நான் இப்படித்தான் எழுதித் தருகிறேன்.

நிரல் எழுதுவதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு லிலிபாண்ட் என்றொன்று இருக்கிறது. 1996இல் தொடங்கப்பட்டது, இதுவும் இலவசம், இதில் சுட்டியே வேண்டாம், இசையை வெறும் எழுத்தாகத் தட்டினால் அழகான பக்கமாக மாற்றித் தரும். அச்சின் நேர்த்தியில் இதை மிஞ்சுவது கடினம். ஆனால் எழுத எழுதக் காதால் கேட்டுத் திருத்தும் வயதில் இதைக் கொடுத்தால் பிள்ளை இசையை விட்டுவிட்டு நிரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உலாவியில் இயங்கும் நோட்ஃப்ளைட், ஃப்ளாட் போன்றவை கணினி இல்லாத வீட்டுக்கு ஒரு வழி. ஃப்ளாட்டைக் கைப்பேசியிலும் பயன்படுத்தலாம். இலவசக் கணக்கில் இத்தனை தாள்தான் என்ற வரம்பு உண்டு, இணையம் போனால் வேலையும் போகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணினி பழுது பார்க்கும் கடையொன்றில் மாணவர் ஒருவருடைய மடிக்கணினியில் விலையுயர்ந்த நொட்டேஷன் மென்பொருளின் பூட்டுடைத்த பிரதியைச் சில நூறு ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் அது திறக்க மறுத்தது. உள்ளே அந்தப் பையன் ஓராண்டாக எழுதியவை இருந்தன. சட்டமும் நேர்மையும் ஒருபுறமிருக்க, முழுத் தகுதியுள்ள மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது இந்தக் காரியத்துக்கு அவசியமே இல்லை.

மென்பொருளுக்கென்று ஒதுக்கிய பணம் இருந்தால் அதை ஒரு மிடி கீபோர்டில் போடுங்கள். நாற்பத்தொன்பது விசைகள் போதும், தனியாக ஒலி வராத, கணினியோடு யூஎஸ்பியில் இணைகிற எளிய வகையே போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கீபோர்டில் யூஎஸ்பி துளை இருந்தால் அதுவும் வேண்டாம். மிச்சப் பணத்தை அச்சுக்கு வையுங்கள். ஜெராக்ஸ் செலவை மிச்சப்படுத்தப் பிள்ளைகள் ஸ்டாஃபைச் சுருக்கி ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பார்கள். மியூஸ்ஸ்கோர் தானாகத் தரும் அளவில் ஐந்து கோடுகளும் சேர்ந்து ஏழு மில்லிமீட்டர் உயரம் வரும். ஸ்டாண்டில் வைத்துப் படிக்கும் தனித்தனி வாத்தியத் தாள்களில் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். முழு ஸ்கோரில் சுருக்கிக்கொள்ளலாம், அதை எழுதியவர் ஒருவர்தானே பார்க்கப் போகிறார். தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு வருகிறதா என்பதை மட்டும் அச்சுக்கு அனுப்புமுன் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதை எந்த மென்பொருளும் முழுதாகத் தானே பார்த்துக்கொள்வதில்லை.